பனிமலர் அழ வேண்டும்

"கண்ணை ஆட்டாதம்மா. அதுதான் ஓவரா இருக்கு."

இயக்குநர் ஜீவராஜ் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, முதுகில் கூடையோடு நின்ற பெண், "அது தானா ஆடுதுங்க சார்" என்றாள்.

"தானா ஆடுதுன்னு நடிக்கிறவ சொல்லக் கூடாது. ஆட்டுறதும் நிறுத்துறதும் நம்ம கையிலதான் இருக்கு."

ஜீவராஜுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை ஒருபோதும் குறைந்ததில்லை. குறைந்ததெல்லாம் தொலைக்காட்சிக்காரர்களுக்குத்தான். முந்தின இரண்டு நாடகங்களும் பாதியிலேயே படுத்துவிட்டதால், இந்த முறை முதல் காட்சியை எடுத்து அனுப்பினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அனுப்ப வேண்டிய நாள் இன்றுதான். இதுவும் கைவிட்டுப் போனால் அவரை நம்பி இனி யாரும் நாடகம் தர மாட்டார்கள்.

கதை அவருடையதே. உடம்பில் நிறமே ஊறாமல், தோலும் முடியும் வெள்ளையாகப் பிறக்கும் அபூர்வ மரபணுக் குறைபாடு கொண்ட பனிமலர் என்ற தோட்டத்துப் பெண். ஊரே அவளைக் கண்டு விலகி ஓடும். அவள் அழுவாள். வாராவாரம் அழுவாள். பார்க்கிறவர்களும் அழுவார்கள், நாடகம் ஓடும்.

நாயகியைத் தேர்ந்தெடுத்தது கொழும்பு அலுவலகம். ஜீவராஜ் போட்டோவில் பார்த்ததோடு சரி. ஹட்டனிலேயே ஒப்பனை முடித்து அனுப்பச் சொல்லியிருந்தார். ஒப்பனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இமை மயிர்வரை வெள்ளை. இடுப்பில் படங்குத் துணி கட்டியிருந்த விதமும், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியிருந்த விதமும் அச்சு அசல். தோட்டத்துப் பேச்சைக்கூட நன்றாகப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். நடிப்புதான் வரவில்லை.

வந்ததும், "தோட்டத்துக் கண்டாக்கையா அனுப்புனாருங்க. சாருக்கு ஒத்தாசையா இருன்னாரு. எம் பேரு..." என்று ஆரம்பித்தாள்.

"உன் பேரு பனிமலர். படப்பிடிப்புல நான் யாரையும் சொந்தப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேன்" என்று அப்போதே கையமர்த்திவிட்டார்.

"சரி, இன்னொரு தரம். தொப்பியைக் கழட்டு."

"வெயிலு பட்டா தோலு வெந்துருங்க."

"பனிமலருக்குத் தொப்பி கிடையாது. முகம் தெரியணும். பக்கத்து நிரையில இருக்கிறவங்க உன்னைப் பாத்து ஓடுறாங்க. நீ மண்டி போட்டு, கடவுளே ஏன் என்னை இப்படிப் படைச்சேன்னு அழறே."

"எதுக்குங்க ஓடுறாங்க?"

"உன்னைப் பாத்துத்தான்."

"கொழுந்து நிறுக்கப் போற நேரத்துல எவ ஓடுவா? அழுதுக்கிட்டு நின்னா கங்காணி அரைப் பேருதான் போடுவாரு, பாதிச் சம்பளம் போயிரும்."

கேமராவுக்குப் பின்னாலிருந்த ஸஃப்வான் சிரித்துவிட்டான். ஜீவராஜ் முறைத்தார்.

"இந்தப் புள்ளைக்குக் கலியாணம் காட்சி இல்லீங்களா சார்?"

"இவளை யாரு கட்டுவா? கடைசியில செத்துப் போறா."

"எதுனாலங்க?"

"இந்த வியாதியாலதான்."

"இதுல சாவ மாட்டாங்களே. பார்வை கொஞ்சம் மங்கலு, வெயிலு ஆகாது. மத்தபடி சோறு திங்கும், சண்டை போடும்."

"படிச்சிட்டு வந்திருக்கே, நல்லது. ஆனா நான் எவ்வளவு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கேன் தெரியுமா? எத்தனை வெளிநாட்டு நாடகம் பாத்தேன். எல்லாத்துலயும் செத்துத்தான் போறாங்க."

அவள் மண்டி போட்டாள். 'கடவுளே' வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதற்குமேல் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சிரிப்புதான். சலித்துப்போய் அவர் தலையில் கை வைத்துக்கொண்ட நேரத்தில், அவள் பாட்டுக்குக் கொழுந்து கிள்ளத் தொடங்கினாள். எதிர் மலையில் யாரோ கூவ, இவளும் பதிலுக்குக் கூவினாள்.

"சார், இதையே எடுத்தா என்ன? பாக்க நல்லாயிருக்கு" என்றான் ஸஃப்வான்.

"பாக்க நல்லாயிருக்கக் கூடாதுடா. பாவமா இருக்கணும்."

கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிரே இருப்பது மலையா ஆளா என்று தெரியாது. ஜீவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் தன் தரத்தை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. கொழும்புக்குப் பேசி, ஒரு நாள் தவணை கேட்டுக் கெஞ்ச வேண்டியதுதான்.

"நீ நல்ல பொண்ணும்மா. ஆனா உன்னைப் பாத்தா அந்த வியாதி இருக்கிறவன்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன், நீ கிளம்பு."

அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரிங்க சார். அந்தப் புள்ளைய மட்டும் சாகடிச்சிராதீங்க."

சொல்லிவிட்டு, செடிகளுக்கு இடையே மேடேறிப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொழிலில் அக்கறையே இல்லை என்று ஜீவராஜ் ஸஃப்வானிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழே பாதையில் வேன் ஹாரன் கேட்டது.

தலையில் வெள்ளை விக்கும், கழுத்துவரை பூசிய வெள்ளைப் பவுடருமாக ஒரு பெண் அவசரமாக இறங்கி ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். வட்டவளையில வேன் நின்னுபோச்சு. நான் தனுஷிகா, உங்க பனிமலர்."

மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பிறவியிலேயே இந்தக் குறைபாடு உள்ள ஒரு அக்கா இந்தத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்களாம். அது எப்படி இருக்கும்னு நமக்குச் சொல்லிக் குடுக்க, அவங்களைக் காலையிலேயே உங்ககிட்ட அனுப்பி வச்சேன்னு தோட்ட மேற்பார்வை பாக்கிற கண்டாக்கையா சொன்னாரே, அவங்க எங்க சார்?"