காத்து நெல்லுக்குச் சிவப்புத் துணி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கெடாவில், யான் என்கிற ஊர்ப் பக்கம் நடந்தது இது. சத்தமாகச் சொன்னால் டெராமனின் பெண்டாட்டி காதில் விழுந்து தொலைக்கும்.

அறுவடைக்கு முந்தின வாரம். வயல்காரர் சங்கத் தலைவர் டெராமன், கையில் சிவப்புத் துணிக் கிழிசல்களோடு வரப்பில் வந்தார். ஊரே 'பாக் லோங்' என்று கூப்பிடும் பெரிய மனுஷர். வந்தவர் நேரே சபாரியாவின் வயலில் இறங்கினார்.

ஒரே ஒரு துண்டு குத்தகை வயல். அவள் வீட்டு வருஷச் சோறு அதில்தான்.

காத்து நெல் என்பது காற்றடித்தாலே மணி கொட்டிவிடுகிற களை. அதைப் பச்சையில் யாரால் கண்டுபிடிக்க முடியும்? அசல் நெல்லோடு கூடப் பிறந்தது மாதிரியே நிற்கும். கதிர் வந்தால்தான் குட்டு வெளிப்படும். பாக் லோங் உயரமாக நின்ற கதிர் ஒன்றைக் கைக்குள் இறுக்கித் திறந்தார். அத்தனை மணியும் உதிர்ந்து உள்ளங்கையில் கிடந்தது.

"காத்து நெல்லுதான். சங்கத்து விதைய விட்டுட்டுக் கண்ட எடத்துல வாங்கினா இப்படித்தான் புள்ள."

கம்பில் துணியைக் கட்டினார்.

துணி கட்டின வயலைக் கடைசியாகத்தான் அறுக்கணும். இல்லாவிட்டால் அறுக்கிற மெஷின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு அந்த விதை ஊர் முழுக்கப் போகும். நியாயம்தான், சபாரியாவுக்கும் தெரியும். ஆனால் மெஷின்காரன் பிடின் முன்னமே சொல்லிவிட்டான். கால்வாய்க்கு அக்கரை வயலெல்லாம் முடித்தபிறகுதான் சிவப்புத் துணியாம். அதுவும் ஒரு துண்டுக்காக மெஷினைத் திருப்பிக் கொண்டுவர மாட்டானாம். கையால் அறுக்கவோ ஊரில் ஆள் இல்லை.

"அப்ப என் நெல்லு வயல்லயே கெடந்து அழுகட்டுமா, பாக் லோங்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

மெஷின் வந்த அன்று பார்த்தால், பாக் லோங் வயலிலும் ஒரு சிவப்புத் துணி. ஊரிலேயே பெரிய வயல் அது. தலைவர் தலையிலேயே பேன் என்று வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். சபாரியாவுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. கண்ணாரப் பார்த்துவிடலாம் என்று இறங்கி ஒரு கதிரை இறுக்கினாள்.

ஒன்றும் உதிரவில்லை.

இன்னும் உள்ளே போய் இன்னொன்று. அதுவும் அப்படியே. எங்கே பிடித்தாலும் சுத்தமான நெல்.

அவளுக்கு மெல்லப் புரிந்தது. இத்தனை பெரிய வயல் காத்திருந்தால் பிடின் திரும்பி வந்துதான் ஆகணும். வந்தால், இதை முடித்த கையோடு பக்கத்தில் அவள் துண்டையும் அறுத்துவிட்டுப் போவான். அதுவரைக்கும் மழை வந்தால் அவர் நெல்லும் சேர்ந்து நனையும்.

அதற்குள் பிடின் மெஷின் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன பாக் லோங், உங்க நெல்லு சுத்தமாத்தான தெரியுது? இப்பவே அறுத்துட்டுப் போயிடவா?"

பக்கத்தில் பெண்டாட்டி நிற்கிறாள். சுத்தமான வயலில் துணி கட்டினது அவளுக்குத் தெரிந்தால் பாக் லோங் தொலைந்தார்.

சபாரியா வரப்பேறி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"உள்ள விடாத பிடின். என் வயலப் பாத்து மூக்கச் சுளிச்ச மனுஷன் வயல இப்பத்தான் பாத்துட்டு வரேன். கதிரத் தொட்டாலே கொட்டுது. தலைவராம் தலைவரு."

பிடின் தலையிலடித்துக்கொண்டு மெஷினைக் கால்வாய்ப் பக்கம் திருப்புகிற வரைக்கும், அவள் பாக் லோங்கைத் திட்டுவதை நிறுத்தவில்லை.