அந்த ஒரு எழுத்து

"அந்த ஒரு எழுத்த மட்டும் எடுத்துடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

லூர்துநாதன் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. மேலதிகாரியிடம்கூட இப்படிக் குழைந்து பேசிப் பழக்கமில்லாதவர்.

தியேட்டர் மேனேஜர் செபஸ்தியான் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "மொதல்ல இதக் குடிங்க. ஒரே மாதா கோயில்ல பூசை பாக்கறவங்க நாம. என் கையில இருந்தா எடுக்கமாட்டேனா?"

எழுத்து, 'ஏ'. ஊரெங்கும் ஒட்டியிருந்த போஸ்டர்களின் மேல் திங்கட்கிழமை குறுக்கே ஒரு சிவப்புச் சீட்டு ஏறியிருந்தது: 'ஏ – வயது வந்தவர்களுக்கு மட்டும்'. அதைப் பார்த்து முகம் சுளித்த ஒழுக்கசீலர்கள் பலபேர் சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டிக்கெட் வரிசையில் நின்றார்கள்.

அந்தப் படத்தில் லூர்துநாதனின் மகள் இருதயசெல்வி வருகிறாள். போன வருஷம் செஞ்சிக் கோட்டையில் படப்பிடிப்பு நடந்தபோது, வேடிக்கை பார்க்கப் போன பெண்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, இடுப்பில் குடத்தைக் கொடுத்துப் படியேறச் சொன்னார்கள். அவள் நடிப்பு அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இருக்காது.

வெள்ளிக்கிழமை படம் வந்தபோது ஊருக்கே பெருமை பிடிபடவில்லை. கைக்குழந்தையும் கூஜாவுமாக வந்த குடும்பங்களை செபஸ்தியானே வாசலில் நின்று உள்ளே அனுப்பி வைத்தார்.

"வெள்ளிக்கெழம இல்லாத எழுத்து திங்கக்கெழம எப்பிடி சார் வந்துச்சு?"

"மெட்ராஸ்லேர்ந்து லெட்டர் லேட்டா வந்துச்சு. சென்சார்காரன் போட்ட எழுத்து. நான் கை வெச்சா தியேட்டர் லைசென்ஸே போயிடும்."

லூர்துநாதன் டீயைத் தொடவில்லை. அவர் கவலை தியேட்டரைப் பற்றியதல்ல. திண்டிவனத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு இருதயசெல்வியை நிச்சயம் செய்திருந்தார். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதையும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம்தான்.

"நேத்து மாப்பிள்ளையோட அம்மா சவுரியம்மா பஸ் ஏறி வந்துட்டாங்க சார். யாரோ அவங்களுக்கு ரெண்டு பாஸ் அனுப்பியிருக்காங்க."

"யாரோ இல்ல, நான்தான். மருமவளத் திரையில பாத்து சந்தோஷப்படட்டுமேன்னு அனுப்பிச்சேன்."

"அந்தப் பாஸ்லயும் 'ஏ'ன்னு சீல் குத்தியிருந்துச்சே சார்."

"குத்தித்தானே ஆவணும்? ரூல் அது."

சவுரியம்மாள் தியேட்டருக்குள் போகவே இல்லை. வாசலில் சிவப்புச் சீட்டைப் பார்த்தவள் நேராக லூர்துநாதன் வீட்டுக்கு வந்தாள். தெரு மொத்தமும் கேட்கிற மாதிரி, "இந்த மாதிரி படத்துல ஆடனவளா எங்க வூட்டுக்கு வெளக்கேத்தப் போறா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"உள்ள போய்ப் பாருங்கம்மா, பொண்ணு கொடந்தான் தூக்கிக்கினு போவுதுன்னு கால்ல விழாத கொறையா சொன்னேன். 'மானமுள்ள பொம்பள ஏ படத்துக்குள்ள கால் வெப்பாளா'ன்னு கேக்கறாங்க. பாக்காம எப்பிடி சார் தெரியும்?"

"வெள்ளிக்கெழம பாத்தவங்கள சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். புள்ளகுட்டியோட வந்து பாத்தவங்கல்லாம் இப்ப அந்தப் பக்கமே வரலன்னு சாதிக்கறாங்க."

செபஸ்தியான் உச்சுக் கொட்டினார்.

"மூணாவது ஓலை வாசிக்க வேணாம்னு சாமியாருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. பொண்ணு நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. கெணத்துப் பக்கம் போனா அவங்கம்மா பின்னாடியே ஓடறா." ஐம்பது வயது மனிதர், அடுத்தவர் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே நிமிர்ந்தார்.

"போன தை மாசம் உங்க தம்பிக்குப் பொண்ணு கேட்டு வந்தீங்க. நாப்பது வயசு, ரெண்டாந்தாரம், ரெண்டு புள்ளைங்க வேறன்னு நான்தான் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். இப்ப நானே வந்து கேக்கறேன். எம்பொண்ண எடுத்துக்குவீங்களா சார்?"

செபஸ்தியான் மின்விசிறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரு நாலு விதமாப் பேசும் லூர்து. ஏ படத்துல நடிச்ச பொண்ணுன்னு எங்க வீட்டுலயே பேஜாரு பண்ணுவாங்க."

"காலத்துக்கும் மறக்கமாட்டேன் சார்."

"சரி, ஒரு பொண்ணு உசுரு. உங்க மூஞ்சிக்காவ ஒத்துக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழமையே மொத ஓலை வாசிக்கச் சொல்லிடுங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

லூர்துநாதன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சாமியாரைப் பார்க்க வேகமாகப் போனார்.

அவர் தலை மறைந்ததும் போஸ்டர் ஒட்டும் பச்சைமுத்து ஒரு காகிதக் கட்டோடு உள்ளே வந்தான்.

"நீங்க அச்சடிக்கச் சொன்ன ஏ சீட்டு இன்னும் நூறு வந்துடுச்சிங்க. எந்தத் தெருவுல ஒட்டட்டும்?"

செபஸ்தியான் கட்டைப் பார்க்கக்கூட இல்லை.

"அடுப்புல போடுடா, நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு நடிச்ச படம்."