தம்பி வாங்கிய புல்லி

"இதைப் போட்டா கார் பறக்கும்ங்காங்க. போடலாமா, வேண்டாமா? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க அண்ணாச்சி."

நாகஜோதி பாலிதீன் பையைப் பிரித்து, இன்ஜின் பெல்ட்டைச் சுழற்றும் சிவப்பு நிற அலுமினியப் புல்லி ஒன்றை மேசைமேல் வைத்தாள். துடைத்த கண்ணாடி போல மின்னியது.

நல்லூரில் பழைய கார் வாங்கி விற்கும் அப்புசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போன புதன்கிழமைதான் அவரிடம் அவள் ஒரு டர்போ கார் வாங்கியிருந்தாள். கோவில்பட்டியிலிருந்து டெய்லராக வந்தவள். இன்று இருபது மிஷின் ஓடும் பனியன் யூனிட்டுக்கு முதலாளி. முதல் சர்வீஸுக்கென்று காலையில் காரைக் கொண்டு வந்து பின்னால் ஷெட்டில் விட்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, யாரு வாங்குனது இதை?"

"தம்பி. இன்ஜின்ல பெரிய புல்லியக் கழட்டிட்டு இந்தச் சின்னதை மாட்டினா, பாரம் குறைஞ்சு பவர் கூடும்னு சொல்லுதான்."

"தம்பிக்கு என்ன வயசுங்க?"

"இருபத்தி மூணு."

"அப்பச் சரி. அந்த வயசுக்கு மண்டைக்குள்ளயே ஒரு டர்போ ஓடுமுங்க."

"சிரிக்காதீங்க. திங்கட்கிழமை எங்க சரக்கை வாங்க டென்மார்க் பையர் வாறாரு. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுல இருந்து நானே கூட்டிட்டு வரணும். இத்தனை வருசத்துல எனக்கு முதல் டைரக்ட் ஆர்டர். நடுரோட்டுல கார் நின்னுச்சுன்னா, அடுத்த கம்பெனிக்காரன் கார்ல ஏறிப் போயிட்டே இருப்பாரு."

அப்புசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரிந்த விஷயத்தைக் கேட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"புதுசா வர்ற டெய்லருக்கு மிஷின் மோட்டார்ல என்ன புல்லி போட்டுக் குடுப்பீங்க?"

"சின்னது. மெதுவா ஓடட்டும்னு."

"அதேதானுங்க இங்கயும். இன்ஜின்ல சின்னதை மாட்டினா, பெல்ட்டுல ஓடறது பூராவும் சுணங்கிப் போயிரும். ஏசி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர், உங்க கார்ல தண்ணி பம்பு, எல்லாமே."

"ஆனா டர்போ வேகமாச் சுத்தும்லா?"

"டர்போவப் பெல்ட்டா சுத்துது? இன்ஜின் வெளிய தள்ற புகையில்லீங்களா சுத்துது! இந்தப் புல்லிக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. டர்போ இன்ஜின் முன்னாலயே கொதிக்கிற ஜாதி. அதுல தண்ணி பம்பையும் மெதுவா ஓட விட்டா, சிக்னல்ல நிக்கறப்ப மீட்டர் முள்ளு மேல போறதைப் பார்த்துட்டே இருக்கலாம்."

"ஏசி?"

"கருமத்தம்பட்டி தாண்டறதுக்குள்ள டென்மார்க்காரரு சட்டையக் கழட்டிட்டு, நீங்க தெச்ச சாம்பிள் பனியனோட உக்காந்திருப்பாரு."

கதவோரம் கையில் கிரீஸ் துணியோடு நின்ற அவருடைய மெக்கானிக் டேனியல் இருமினான். அப்புசாமி திரும்பினார்.

"ஏப்பா டேனியலு, நான் சொல்றது சரிதானே?"

"ரொம்பச் சரிங்க" என்றான் டேனியல், தரையைப் பார்த்து.

"பார்த்தீங்களா? இன்னொண்ணு கேளுங்க. கம்பெனிப் புல்லிக்கு நடுவுல ரப்பர் இருக்கும். இன்ஜின் அதிர்றதை அது வாங்கிக்கும். இது மொட்டைப் புல்லி." விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். "கொஞ்ச நாள்ல இன்ஜினுக்குள்ளயே உதறல் எடுத்துரும். ரேஸ் ஓட்டறவன் போடட்டும், அவனுக்கு ஒரு நாள் கூத்து. வீட்டுக் காருக்கு எதுக்குங்க?"

நாகஜோதி கைப்பையிலிருந்து நூல் கோத்த அட்டை டேக் ஒன்றை எடுத்துப் புல்லியில் கட்டினாள். பேனாவை நீட்டினாள்.

"வாய்ப்பேச்சை அவன் நம்ப மாட்டான் அண்ணாச்சி. எங்க தொழில்ல சாம்பிளைக் கழிக்கணும்னா, குறையை டேக்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் செல்லும்."

"அதுக்கென்னுங்க, எழுதீட்டாப் போச்சு!"

மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரைப் போல அப்புசாமி எழுதினார்: 'ஏசி மந்தம். சார்ஜ் பத்தாது. இன்ஜின் சூடாகும். ரப்பர் இல்லை. டர்போ காருக்கு ஆகவே ஆகாது.'

எழுதியும் மனம் நிறையவில்லை. "ஒரு வார்த்தைல சொல்லோணும்னா, இது மாட்டின வண்டிய அப்புசாமி வாங்கவும் மாட்டான், விக்கவும் மாட்டான்."

"அதையும் எழுதிருங்க. நல்லா உறைக்கட்டும்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். கேட்காமலே கடை முத்திரையையும் எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

நாகஜோதி டேக்கை ஒரு முறை நிதானமாகப் படித்தாள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. அப்ப திங்கட்கிழமைக்குள்ள எனக்கு வேற நல்ல காராப் பார்த்து எடுத்து வைங்க."

"வேற காருங்களா? இது எதுக்குங்க? தம்பிகிட்ட இந்த டேக்கைக் காட்டிப் புல்லியப் போடாம நிறுத்தினாப் போதுமே!"

"எனக்குத் தம்பியே கிடையாது அண்ணாச்சி. இந்தப் புல்லிய, நீங்க எனக்கு வித்த கார்ல இருந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்னால உங்க ஷெட்டுல வச்சு உங்க டேனியல்தான் கழட்டுனாரு."