பச்சை விளிம்பு

சந்தேகம் வந்துவிட்டால் உமையாளுக்குச் சோறு இறங்காது. சமையலுக்கு வரும் பவுனம்மாள் உமையாளின் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிறாளோ? அதற்காகவே மளிகைக்கடையில் ஒளிர்சர்க்கரை வாங்கி, லட்டு பிடித்து, நேற்று அவள் கையில் கொடுத்தாள். தின்றவர் வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தங்கள் உடற்சுவரில் பூசிக்கொள்ளும். பிறகு நீல விளக்கைக் காட்டினால், எச்சில் பட்ட இடமெல்லாம் பச்சையாக மின்னும்.

இன்று காலை விளக்கைக் காட்டினாள். டம்ளரின் விளிம்பு பச்சைப்பசேலென்று மின்னியது.

"மாட்டுனியா! என் டம்ளர்ல வாய் வச்சிருக்கே."

"சத்தியமா இல்லம்மா. நான் அண்ணாந்துதான் குடிப்பேன்."

"அப்ப இது யார் எச்சில்?"

"நான்தான் குடிச்சேன்," என்று ஓடிவந்து சிரித்தாள் உமையாளின் மகள் நாச்சி. நீல வெளிச்சத்தில் அவள் பற்கள் பச்சையாக மின்னின.

உமையாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லட்டை இவளுக்கா குடுத்தே?"

"பாதிதாம்மா. பாப்பாவ விட்டுட்டு திங்க மனசு வரல. முந்தானையில சுத்தி, காக்காக் கடி கடிச்சுத்தான் குடுத்தேன். என் எச்சில் துளிகூடப் படல..."

பவுனம்மாள் அப்போதுதான் நாச்சியின் வாயைப் பார்த்தாள். குழந்தையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அந்த லட்டுல என்னம்மா கலந்தீங்க?"