பீன்ஸ் இருந்த இடம்

பசுமைக்குடிலின் பிளாஸ்டிக் கூரை வழியாக வெயில் பால்போல இறங்குகிறது. ரோஜா வரிசைகளுக்கு நடுவே பீன்ஸ் தொட்டிகள் இருந்த இடத்தில் ஈர வட்டங்கள் மட்டும் இருக்கின்றன. “தம்பி, பீன்ஸ் எங்க?” என்கிறாள் அண்ணி. “இலையெல்லாம் வெளுத்து, நூலாம்படை கட்டி, பார்க்கவே சகிக்கல அண்ணி. பூ வாங்க ஆளுங்க வர்ற நேரம். ஒண்ணொண்ணா நெஞ்சோட அணைச்சுத் தூக்கி வெளிய வெச்சுட்டேன்” என்று கொழுந்தன் பெருமையாகச் சிரிக்கிறான். “இலையை உறிஞ்சுற செவப்புச் சிலந்திப்பேனுக்கு ரோஜாவைவிட பீன்ஸ்னா உசுரு. ரோஜாவை விட்டுட்டு அதைத் தின்னட்டும்னுதானே வெச்சேன்!” சிரிப்பு பாதியில் நிற்கிறது. அவனுடைய வெள்ளைச் சட்டையில் நெஞ்சு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றன. “அசையாத” என்கிறாள். அவன் மூச்சைக்கூட விடவில்லை. சட்டைக் கைமடிப்பை உரசிக்கொண்டிருக்கும் ரோஜா இலையில் ஒரு புள்ளி நிதானமாக ஏறுகிறது.