புதுச் சத்தம்

“சத்தம் எவ்வளவு மாறும்னு அதுல போட்டிருக்கா?” அவன் மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

மனைவியின் தம்பி, கார் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஏர் இன்டேக் கிட்டோடு வந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நன்றாக ஓடுகிற காரைத் தெருமுனையிலிருந்து வீட்டு வாசல்வரை இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்ததில் மைத்துனனின் சட்டை இன்னும் காயவில்லை. சாவி கையில் இருந்தும் அத்தான் ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

அத்தான்காரன் பேட்டரி ஒயரைக் கழற்றினான். கறுப்பு ஃபில்டர் பெட்டியை அசைத்து அசைத்து வெளியே எடுத்தான். அந்த இடத்தில் பளபளக்கும் குழாயையும், அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டரையும் பொருத்தினான்.

“பல்பு மாத்தவே அக்காவக் கூப்பிடுற ஆளு நீங்க. இப்ப மெக்கானிக் ஆயிட்டீங்களா?”

“அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடு.”

“அவ கண்ண மூடி ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள உங்களுக்கு வண்டி உறுமணும். காலேஜ் பசங்க பண்ற வேலை, அத்தான்!”

“ஸ்பானரு, மச்சான்.”

“வண்டிய எங்கிட்டக் குடுத்துடுங்க. அக்கா ஓட்டுனப்ப இருந்த மாதிரியே வச்சுக்கறேன்.” மைத்துனன் ஸ்பானரை நீட்டினான். “அந்தச் சத்தம் கேட்டா அவளே வர்ற மாதிரி இருக்கு.”

அவன் நிமிர்ந்தான். விரல் நுனிகளில் எண்ணெய்க் கறுப்பு.

“பாப்பாவுக்கும் அப்படித்தான்டா இருக்கு.”

மைத்துனன் அவனைப் பார்த்தான்.

“வண்டி தெருவுல திரும்புனதுமே வாசலுக்கு ஓடி வந்துடறா. டிரைவர் சீட்டைப் பாக்கறா. நான் எறங்குறேன். ஒரு வார்த்தை பேசாம உள்ள போயிடறா. தினமும் இப்படித்தான்.” மூச்சை இழுத்துவிட்டான். “விக்கவும் மனசு வரல. அதான் நாலு நாளா முனையிலயே நிறுத்திட்டு நடந்து வர்றேன்.”

மைத்துனன் தாளை எடுத்து விரித்தான்.

“தள்ளுங்க. கிளாம்ப்பக் கோணலா மாட்டியிருக்கீங்க.”

அவனே முறுக்கினான். பேட்டரி ஒயரையும் அவனே மாட்டினான். அவன் கண்ணிலிருந்து சொட்டியது குழாயில் விழுந்தது. சட்டைக் கையால் துடைத்தான்.

அத்தான்காரன் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினான்.

பூனை மாதிரி வந்து நிற்கிற வண்டி, தொண்டை கட்டிய யாரோபோல உறுமியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. இப்போது இது வேறு யாருடைய வண்டியோ.

இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். கதவுத் திரை அசையவில்லை.

“வரல அத்தான்,” என்றான் மைத்துனன் மெதுவாக. “வரல.”

அவன் தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடினான்.

வீட்டுக்குள் ஏதோ கீழே விழுந்தது. தடதடவென்று சின்னக் கால்கள் வாசலை நோக்கி ஓடி வந்தன. காலுக்கு முன்னால் குரல் வந்துவிட்டது.

“வேற வண்டியில வந்துட்டியாம்மா?”