பேச்சு முடியட்டும்

ஹரிணி மேடையேறியபோது அவளுடைய அப்பா வெங்கடப்பன் இறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓசூர்த் தொழிற்சாலையின் பெண்கள் விடுதிக்கு வார்டனான ராஜலட்சுமி மேடையோரமாக நின்றிருந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஹரிணியின் சித்தப்பா ராஜலட்சுமிக்குத்தான் போன் செய்திருந்தார். அண்ணனுக்கு நெஞ்சுவலி, விடியற்காலையில் போய்விட்டார், பெண்ணை உடனே அனுப்புங்கள் என்றார். பெட்டி படுக்கையோடு அனுப்பச் சொன்னார்.

ராஜலட்சுமி மேலாளரிடம் ஓடினாள். பெங்களூரிலிருந்து விருந்தினர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இருபது நிமிடம்தானே, பேச்சு முடியட்டும் என்றார் அவர்.

ராஜலட்சுமி தலையாட்டிவிட்டாள்.

பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று மூன்று வருடத்தில் டிப்ளமோ முடித்தவள் ஹரிணி. கம்பெனி செலவில் இன்ஜினியரிங் படிக்கத் தேர்வான நான்கு பெண்களில் ஒருத்தி. விழா முடிந்ததும் பெற்றோரின் சம்மதப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் இடம் உறுதி.

மேடையில் அவள் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. முதல் நாள் அசெம்ப்ளி லைனில் கை நடுங்கி ஸ்குருவைத் தவறவிட்டதைச் சொன்னாள். விருந்தினர்கள் சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வேண்டாமென்றபோது அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார் என்றாள்.

முன்வரிசையிலிருந்து ஒருவர், அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

ஊரில் இருக்கிறார் என்றாள் ஹரிணி.

ராஜலட்சுமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனாள். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. ஊரிலிருந்து ஒரு போன் வந்தது என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"தெரியுங்க மேடம். அம்மா விடிகாலையிலயே பேசுச்சு."



ஹரிணி யூனிஃபார்ம் பையிலிருந்து நான்காக மடித்த படிவத்தை எடுத்தாள். கீழே வெங்கடப்பன் என்று கோணல்மாணலாகக் கையெழுத்து. தேதிக்கான இடம் காலியாக இருந்தது.

"போன ஞாயித்துக்கெழம அப்பா போட்டதுங்க. காலையில சொல்லியிருந்தா அப்பவே பஸ் ஏத்தி வுட்டிருப்பீங்க. போனா சித்தப்பா திரும்ப வுட மாட்டாரு. வாங்கிக்கிட்டேன்னு சீல் வெச்சுக் குடுங்க மேடம், நான் போறேன்."

ராஜலட்சுமி அலுவலக அறைக்குள் போய்ப் படிவத்தில் சீல் வைத்தாள்.

தேதி எழுதும் இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது.

பிறகு நேற்றைய தேதியைப் போட்டாள்.